பிரித்தானிய அலுமாரியில் பத்தியச் சரக்கு

கொத்தமல்லி முளைக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அது அவுஸ்திரேலியாவில் முளைத்துவிடக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதுதான் தெரியாமல் போயிற்று. சிட்னி விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துணியில் கட்டியிருந்த பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் பரப்பினார். மல்லி, மிளகு, சீரகம், சுக்கு என்கிற வேர்க்கொம்பு, விரலி மஞ்சள். ஒவ்வொன்றாகத் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டார். நானும் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல விளக்கமாகச் சொன்னேன். விளக்கம் கூடக்கூட அவருடைய முகம் வாடிக்கொண்டே போனது.

"மன்னிக்க வேண்டும் அம்மா, முளைக்கக்கூடிய எதையும் உள்ளே விட முடியாது. வறுத்து இடித்துத் தூளாகக் கொண்டுவந்திருந்தால் விட்டிருப்பேன்," என்றார்.

வறுத்து இடிப்பதாவது! யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியக் கறிக்குச் சரக்கை அன்றன்றைக்குப் பச்சையாகத்தான் அரைப்பார்கள். மிளகாய் கிட்டவும் வரக்கூடாது. மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளிப்பூண்டு எல்லாவற்றையும் மை போல அரைத்துச் சுறா மீனோடு காய்ச்சிக் கொடுத்தால் புண் ஆறும், பால் ஊறும் என்பது எங்கள் நம்பிக்கை. தூளாக்கினால் மணம் போய்விடும் என்று அம்மாதான் எல்லாவற்றையும் முழுசாகக் கட்டித் தந்தார். அம்மாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும், விமானத்தில் ஏற ஏலாது. அதனால் கலியாணம் கட்டாத மூத்த மகளும் மனையியல் ஆசிரியையுமான நான் அவருக்குப் பதிலாகப் புறப்பட்டேன். தங்கை வீட்டுக்கு நான் போன காரியமே அந்தப் பொட்டலம்தான். அதை ஒரு தொட்டிக்குள் போட்டுவிட்டு, அதிகாரி எனக்கு நல்வரவு சொன்னார். மறியலில் போடாமல் விட்டாரே என்று அந்த நேரத்தில் ஆறுதலாகத்தான் இருந்தது.

வெளியே தங்கை பத்மாவின் கணவர் மோகன் காத்துக்கொண்டு நின்றார். பொறியியலாளர், நல்ல பொறுமைசாலி. என்னைப் பார்த்ததும் பெட்டியைத்தான் முதலில் வாங்கினார்.

"சரக்கு இதுக்குள்ளையோ மச்சாள்?"

"பறிச்சுப் போட்டாங்கள்."

"ஐயோ! அவள் அதைத்தானே நினைச்சுக்கொண்டு கிடக்கிறாள்."

காரில் போகும்போது நிலைமை முழுவதையும் சொன்னார். ஆண் குழந்தை, சுகமாகப் பிறந்துவிட்டது. தாய்தான் சாப்பிடுகிறாளில்லை. ஆஸ்பத்திரியில் ஆறிப்போன ஆட்டிறைச்சியும் பச்சை நிறத்தில் ஆடுகிற ஜெலியும் வைத்தார்களாம். அந்தத் தட்டைக் கண்டு திருப்பிய முகத்தை வீட்டுக்கு வந்த பிறகும் அவள் திருப்பியபடியே வைத்திருக்கிறாள். மோகன் காய்ச்சிய சோறும் இறங்கவில்லை. அந்தச் சோற்றை நானும் அன்று மத்தியானம் சாப்பிட்டேன். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். பால் காணாமல் பிள்ளை அழ, அதைப் பார்த்துத் தாயும் அழ, வீட்டில் அழாமல் இருந்தவர் மோகன் ஒருவர்தான். அதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

அவர்கள் இருந்தது டூங்கபியில். சிட்னி நகரத்துக்கு மேற்கே, ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழும்பக்கூடிய தூரம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்தப் பக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம், எண்ணினாலும் விரல் மிஞ்சும். பத்மா கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய்ப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "அக்கா" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, "சரக்கு கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபத்தில் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பின்னேரம் ஒரு தாதி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். நிறை ஏறவில்லை. "திங்கட்கிழமை மறுபடியும் வருவேன். அதற்குள் தாய் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் போத்தல் பால்தான்," என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். பத்மா அதைக் கேட்டுத் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். தன்னால் ஒன்றும் ஏலாது என்று நாடே தீர்ப்புச் சொல்லிவிட்டதுபோல அவளுக்கு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மோகன் என்னைப் பக்கத்திலிருந்த சுப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பில் படிப்பித்துக்கொண்டு, விடியவே எழும்பிப் பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்று பழகியவள் நான். இங்கே பாண் மட்டும் ஒரு தெரு நீளத்துக்கு அடுக்கியிருந்தது, வாங்க ஆளில்லை. மேலே ஒலிபெருக்கிக்குள் யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடித்த குளிருக்குச் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டேன். "இது பழகிப்போகும் மச்சாள்," என்றார் மோகன். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான்களுக்கு ஒரு தனி வரிசை இருந்தது. இத்தாலிக்கு ஓர் அலுமாரி, சீனாவுக்கு ஒன்று. மூன்றாவது அலுமாரிக்கு மேலே பிரித்தானியக் கொடி குத்தியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். அவுஸ்திரேலியா பிரித்தானியாவின் பிள்ளை என்றுதான் பூமிசாத்திரப் புத்தகம் எனக்குச் சொல்லித் தந்தது. பிள்ளையின் வீட்டில் தாயின் சாப்பாட்டை விருந்தாளிச் சாமான்போலத் தனியாக வைத்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அலுமாரியில் இருந்த பண்டங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். பாணிப் புடிங், கஸ்டர்ட் மா, மாட்டுவால் சூப், ஓட்ஸ் பிஸ்கட், தோடம்பழ மார்மலேட். மனையியல் பாடத்திட்டம் லண்டனிலிருந்து வந்தது. யோர்க்ஷயர் புடிங் செய்வது எப்படி என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். செய்முறைப் பரீட்சை முடிந்ததும் அவர்கள் அதைக் கொண்டுபோய்க் காகத்துக்குப் போடுவார்கள், காகம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அந்தப் பண்டங்களை அச்சடித்த மட்டையோடு நேரே பார்த்தபோது, கடிதத்தில் மட்டும் பழகியவர்களைச் சந்தித்ததுபோல இருந்தது.

ஆனால் அதே கொடிக்குக் கீழே வேறு சிலரும் நின்றார்கள். மாங்காய்ச் சட்னி ஒரு போத்தல், கறித்தூள் ஒரு தகரப் பேணி. கறித்தூள் பேணியில் தலைப்பாகை கட்டிய ஒருவர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். தேயிலைப் பேணியில் ஓர் ஆங்கிலக் கோட்டையின் படம், உள்ளே எங்கள் மலைநாட்டுத் தேயிலை. இவற்றுக்குப் பக்கத்தில், 'மல்லிகட்டோனி சூப்' என்று ஒரு தகரப் பேணி. மிளகுதண்ணீரைத்தான் வெள்ளைக்காரன் இப்படி எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் மோகனின் தோளில் தட்டிவிட்டேன். கறித்தூளையும் சூப்பையும் வாங்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பினோம்.

கறித்தூளில் மிளகாய் இருந்தது, பத்தியத்துக்கு உதவாது. சூப்பைச் சூடாக்கினேன். மா கரைத்த மண்ணிறக் கூழுக்குள் அப்பிள் துண்டுகள் மிதந்தன. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பத்மாவுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன?"

"மிளகுதண்ணி."

"ஆர் சொன்னது?"

"பேணியிலை எழுதிக் கிடக்கு."

அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மீதியை மோகன் குடித்தார். அந்த மனிசன் எதையும் வீணாக்க மாட்டார்.

அன்றிரவு அவர் மெல்பேர்னிலிருந்த சிநேகிதருக்கு டெலிபோன் எடுத்தார். அங்கே டண்டினொங் சந்தையில் மல்லி கண்ட ஞாபகம் இருக்கிறது, வாங்கித் தபாலில் அனுப்பலாம் என்றாராம் சிநேகிதர். அது வந்து சேர அடுத்த கிழமை ஆகும். தாதி திங்கட்கிழமை வந்துவிடுவாள். பிறகு மோகனுக்கு ஒரு யோசனை வந்தது. நகரத்தில் ஒரு பெரிய கடையின் நிலக்கீழ் மாடியில் எல்லா நாட்டுச் சாப்பாடும் விற்கிறார்களாம். "ஆனா நாளைக்குச் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குப் பூட்டினா, திங்கள் விடியத்தான் திறப்பாங்கள். பத்மாவைத் தனிய விட்டிட்டு நான் வரேலாது மச்சாள். நீங்கள் தனியப் போவியளோ?"

"ஏன், எனக்கு இங்கிலீஷ் தெரியாதோ?" என்றேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

சிட்னி ரயில் சிவப்பு நிறம், நல்ல வயது. கதவுகளைத் திறந்துவிட்டபடியே ஓடியது. அதில் மட்டும் எங்கள் காங்கேசன்துறை ரயிலுக்கு நெருங்கிய சொந்தம். எனக்கு முன்னால் குதிரைப் பந்தயப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கிழவர் எந்த ஊர் என்று கேட்டார். சிலோன் என்றேன். "ஓ, தேயிலை நாடு! நாங்கள் வீட்டில் இங்கிலீஷ் தேயிலை மட்டும்தான் குடிப்போம்," என்று பெருமையாகச் சொன்னார். நேற்றுப் பார்த்த கோட்டை ஞாபகம் வந்தது. காலை நேரத்தில் ஒரு வயோதிபருடைய மனத்தை ஏன் நோகடிப்பான் என்று, நல்லது என்றேன்.

நிலக்கீழ் மாடியில் பிரித்தானியா ஓர் இராச்சியமாகவே இருந்தது. உண்மையான துணிக்கொடி, மகாராணி படம் போட்ட பிஸ்கட் பேணிகள், கிறிஸ்மஸ் இல்லாத மாதத்தில் கிறிஸ்மஸ் புடிங். நான் மேலும் கீழும் தேடிக்கொண்டு போனேன். என்னைப்போலவே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் தேடிக்கொண்டு நின்றாள். அவள் பேணிகளை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்ப வைத்தாள்.

"எதையாவது தேடுகிறீர்களா?" என்று கேட்டேன். ஆசிரியைப் பழக்கம், சும்மா நிற்பவர்களைக் கேள்வி கேட்காமல் போக முடியாது.

"வீட்டைத்தான்," என்று சிரித்தாள். புருஷனோடு மன்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்தவளாம். சனிக்கிழமைகளில் இங்கே வந்து இந்த அலுமாரியைப் பார்த்துவிட்டுப் போவாளாம். "இதில் பாதியை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதேயில்லை. நாங்கள் இப்படித்தான் சாப்பிடுவோம் என்று இவர்களாக நினைத்து அடுக்கியிருக்கிறார்கள். கோட்டை படம் போட்டால் போதும், வாங்கிவிடுவோம் என்று எண்ணம். வாங்கியும் விடுகிறோம், அதுதான் கேடு."

என் பாடத்திட்டத்தை நினைத்துக்கொண்டேன். "யோர்க்ஷயர் புடிங்?" என்று கேட்டேன்.

"அது ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லாமல் முடியாது."

எவ்வளவு நிம்மதி தெரியுமா! இத்தனை வருடம் நான் படிப்பித்தது பொய்யில்லை. காகங்கள்தான் பாவம்.

என்னுடைய கதையை அவளுக்குச் சொன்னேன். தங்கை, பிள்ளை, திங்கட்கிழமை, தொட்டிக்குள் போன பொட்டலம் எல்லாம். அவள் ஒரு பேணியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். "எனக்கும் மூத்தவன் இங்கேதான் பிறந்தான், அம்மா பக்கத்தில் இல்லை," என்றாள். "எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்பு பியர் கொடுப்பார்கள். அதை வேண்டுமானால் வாங்கிக் கொடுங்கள்." ஊரிலிருக்கும் பத்மாவின் மாமியார் காதில் இது விழுந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அதைச் சொல்லிக்கொண்டே அவள் தன் கூடைக்குள் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலைப் போட்டாள். நான் சட்டென்று அதைத் திரும்ப எடுத்தேன். அடுத்தவர் கூடைக்குள் கை விடுவது எந்த நாட்டிலும் மரியாதை இல்லை, ஆனால் என் கண் அதற்குள் மல்லியைக் கண்டுவிட்டது. முழு மல்லி! குலுக்கிப் பார்த்தேன். மல்லிக்குப் பக்கத்தில் கறுப்பு மிளகு, கடுகு, காய்ந்த மிளகாய், சின்னச் சின்னத் துண்டாக வேர்க்கொம்பு.

"இது என்ன?"

"ஊறுகாய்க் கலவை. வினாகிரியில் போட்டு வெங்காயம் ஊற வைப்போம். என் புருஷனுக்கு அது இல்லாமல் சீஸ் இறங்காது. லேபிளில் என்ன எழுதியிருந்தாலும், இது நாங்கள் உண்மையாகச் சாப்பிடுகிற சாமான்."

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை பூட்டப்போவதற்கான மணி அடித்தது. அவள் தனக்கு ஒரு போத்தலை வைத்துக்கொண்டு, அலுமாரியில் இருந்த மற்றவற்றையெல்லாம் என் கையில் அள்ளித் தந்தாள். மஞ்சள் தூள் வேண்டும் என்றேன். இன்னொரு ஊறுகாய்க்குப் போடுகிற மஞ்சள் தூளை மேல் தட்டிலிருந்து எட்டி எடுத்துத் தந்தாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

சந்தோஷத்தில் முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டேன். அது இடையில் நிற்காத கடுகதி. டூங்கபி ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கோடாகப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. "நிற்பாட்டுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் பத்திரிகைகளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் உயர்த்திக்கொண்டார்கள். ப்ளக்டவுனில் இறங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்க ரயிலுக்குக் காத்திருந்தேன். அங்கேயும் யாராவது அதிகாரி வந்து பையைத் திறக்கச் சொல்வாரோ என்று பயந்தது உண்மை.

வீட்டில் மோகன் எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் கொட்டினார். இருவரும் குசினி மேசையடியில் அமர்ந்து பொறுக்கினோம். மிளகாயும் கடுகும் ஒரு பக்கம், மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் இன்னொரு பக்கம். மிளகுக்கு நடுவே கொஞ்சம் பருத்த, மண்ணிற மணிகள் கிடந்தன.

"மச்சாள், இதுவும் மிளகோ?"

"மிளகுதான். இஞ்சத்தைச் சாப்பாட்டிலை கொழுத்துப் போச்சு. போடுங்கோ."

மனையியலில் முதற்பிரிவுச் சான்றிதழ் வைத்திருப்பவள் சொன்னால் பொறியியலாளர் மறுப்பாரா? போட்டார். அம்மி இல்லை. துணியில் சுற்றிப் பலகையில் வைத்து, பியர் போத்தலால் உருட்டி உருட்டி அவரே அரைத்தார். பிறகு மீனுக்குப் போனார். கடைகள் பூட்டியிருந்தாலும் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிற கடை திறந்திருந்தது. அங்கே மா பூசிப் பொரிக்கிற மீன் சுறா என்று அவருக்கு முன்பே தெரியும். பொரிக்காமல் பச்சையாகத் தா என்று கேட்க, கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீனோடு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்குப் பொரியலையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தாராம், பாவம் என்று.

கறி கொதிக்கத் தொடங்கியதும் ஒரு வாசம் எழும்பியது. பத்தியக் கறி வாசம் எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். இது அது இல்லை. கராம்பும் கறுவாப்பட்டையும் சாதிக்காயும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. கொழும்பில் எங்கள் பறங்கிச் சிநேகிதி வீட்டில் டிசம்பரில் அடிக்கிற வாசம். அந்தப் பருத்த மணிகள் மிளகே இல்லை, கேக்குக்குப் போடுகிற வேறு ஏதோ ஒரு வாசனைச் சரக்கு என்று அப்போதுதான் விளங்கியது. அரைத்ததைப் பிரிக்கவா முடியும்? வேறு போத்தலும் இல்லை, கடையும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். நாலைந்து மைல் தள்ளி இன்னோர் ஊரில் ஒரு லெபனான்காரர் மல்லியைச் சாக்கில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"அக்கா, கேக்கோ சுடுறியள்?"

திரும்பினேன். பத்மா குசினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தானாக எழும்பி வந்திருந்தாள். மோகன் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். நான் சோற்றைப் போட்டுக் கறியை ஊற்றி முன்னால் வைத்தேன். அவள் குனிந்து மணந்து பார்த்தாள். ஒரு பிடி குழைத்து வாயில் வைத்தாள். மெல்லுவதை நிற்பாட்டினாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்மஸ் கேக்குக்குள்ளை சுறாவை விட்டுக் காய்ச்சின மாதிரிக் கிடக்கு."

"வேண்டாமெண்டா வையம்மா," என்றேன்.

"ஆர் வேண்டாமெண்டது? மிளகாய் உறைப்பில்லை, மிளகு இருக்கு, வேர்க்கொம்பு இருக்கு. அக்கா, கொஞ்சம் குழம்பு விடுங்கோ."

விட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அதையும் போட்டேன். திங்கட்கிழமை தாதி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்துத் தலையாட்டியதும், கொண்டுவந்த பால் போத்தலைப் பையைவிட்டு எடுக்காமலே போனதும் பிறகு நடந்தவை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது சனிக்கிழமையே, அவள் விரல்களைச் சூப்பிக்கொண்டு தட்டை மறுபடியும் நீட்டியபோது. மோகன் குழாயடியில் போய் நின்று முகத்தைக் கழுவினார், வெகுநேரமாகக் கழுவினார்.

அப்போது அறைக்குள் பிள்ளை அழத் தொடங்கியது. நானும் மோகனும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். பத்மா இடது கையை நீட்டி எங்களை மறித்தாள். அவள் அவசரப்படவில்லை. அடுத்த பிடியைக் குழைத்தபடியே, அறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"பொறு ராசா, கத்தாதை. அம்மா சாப்பிட்டிட்டு வாறன்."

அவள் தன்னை அம்மா என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.